சிபாரிசுக் கடிதத்தில் பாடிய பர்வேஸ்

எலியேசர் சாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது அந்தக் காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். "நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்." மற்ற புரொஃபசர்களும் அதைத்தான் சொல்வார்கள். எலியேசர் சார் மட்டும் கூடுதலாக ஒரு வரி சேர்ப்பார். "கேட்டுக்கு எதிர்ல இருக்கற ஜெராக்ஸ் கடையில டைப் பண்ணிட்டு வந்தே, கிழிச்சி உன் கையிலயே குடுத்துடுவேன். உன்னைப் பத்தி நீயே யோசிச்சி எழுதணும்."

பர்வேஸ் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து யோசித்தான். "பர்வேஸ் நல்ல பையன்" என்று ஒரு வரி வந்தது. அதையும் அடித்துவிட்டான். தன்னைப் பற்றித் தானே நல்லதாக நாலு வரி எழுதுவது எவ்வளவு கூச்சமான வேலை என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் கடிதம் இல்லாமல் முடியாது. பி.எஸ்சி. விலங்கியலை எழுபத்தொரு பர்சன்ட்டில் முடித்திருந்தான். கோவளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, அதை ஒட்டியே ஒரு காலேஜ். அங்கே ஆஸ்பத்திரி நிர்வாகம் என்று இரண்டு வருஷப் படிப்பு, மொத்தம் இருபதே சீட். போன வருஷம் அவன் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது, ஒரே பேப்பரை நாலு கவுண்ட்டரில் காட்டி நாலு சீல் வாங்கி அலைந்தவன் அவன்தான். இதை ஒரே கவுண்ட்டரில் முடித்தால் என்ன என்று அன்றைக்கு மண்டையில் ஏறியது இன்னும் இறங்கவில்லை.

அவன் அத்தா சௌகத் அலிக்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் மெத்தைக் கடை. அவர் கோபக்காரர் இல்லை. ஒரு தடவைதான் சொல்வார். "சீட்டு கிடைச்சா படி. கிடைக்கலன்னா ஜூன் ஒண்ணாந்தேதி கடைக்கு வந்துடு." பர்வேஸுக்குக் கடையும் பிடிக்கும், அத்தாவையும் பிடிக்கும். பஞ்சுதான் ஆகாது. கடைக்குள் கால் வைத்தால் பத்து நிமிஷத்தில் பதினைந்து தும்மல். மெத்தை வாங்க வந்தவர்கள் பயந்துபோய்த் தள்ளி நிற்பார்கள்.

நாலாவது சாயங்காலம் அவன் கேட்டுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனான்.

கடைக்காரர் முனிரத்தினம் அவனைத் தூரத்தில் பார்த்ததுமே சொல்லிவிட்டார். "இன்னா பாய், லெட்டரா?"

"எப்படிண்ணே தெரியும்?"

"மே மாசத்துல மூஞ்சி இப்டி தொங்குனா லெட்டரு. ஜூன்ல தொங்குனா அரியரு. நம்பகிட்ட மூணு சைஸ் கீது. நல்லா படிக்கறவனுக்கு ஒண்ணு, சுமாரா படிக்கறவனுக்கு ஒண்ணு, அரியர் வெச்சவனுக்கு ஒண்ணு. அரியர் வெச்சவனுக்குதான் லெட்டர் ரொம்ப நீளம்."

"நான் எழுபத்தொரு பர்சன்ட்டுண்ணே."

"சுமாரு. பரவால்ல, ஒனக்கு மேல்சைஸே போட்டுத் தரேன். எந்தக் காலேஜிக்கு?"

பர்வேஸ் சொன்னான். முனிரத்தினம் திருப்தியாகத் தலையாட்டினார். "அந்த எடத்துக்குன்னே ஒண்ணு வெச்சிகீறேன். மூணு கம்ப்யூட்டர் மாறிடிச்சி, லெட்டர் மாறல. இத்த எட்த்துகினு போனவன் எவனும் திரும்பி வந்து சண்ட போட்டதில்ல."

"சீட்டு கிடைச்சிதாண்ணே அவங்களுக்கு?"

"அத்த நான் கேட்டுகினா இருக்க முடியும்? சண்ட போட வரலன்னா இன்னா அர்த்தம்?"

கடையில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. முதல் பக்கம் பிரிண்ட் ஆகி வந்தது. பர்வேஸ் படித்தான். நல்ல இங்கிலீஷ். 'என் பதினெட்டு வருஷ சர்வீஸில் இவனைப்போல் ஒரு மாணவனைக் கண்டதில்லை' என்று இருந்தது. படிக்கப் படிக்க அவன் காது சூடாகிவிட்டது. இரண்டாவது பக்கத்தை முனிரத்தினமே எடுத்து, பின் அடித்து, கூட்டத்துக்கு மேலே கையை நீட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு காப்பி.

"கடையில டைப் பண்ணதுன்னு சாருக்குத் தெரியக் கூடாதுண்ணே."

"அத்துக்குதான் எழுத்தை வேற டிசைன்ல வெச்சிகீறேன். சாருக்கு எழுத்தப் பாத்தாதான் சந்தேகம் வரும். படிச்சாலாம் வராது, ஏன்னா படிக்கவே மாட்டாரு."

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. எலியேசர் சார் முதல் பக்கத்தின் தலையைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தின் காலைப் பார்த்தார். "நீயே எழுதினியா?"

"ஆமா சார்."

"நல்லா எழுதியிருக்கே. உனக்குள்ள இவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று கையெழுத்துப் போட்டார். கவரில் வைத்துக் கோந்து தடவி ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே இன்னொரு கையெழுத்துப் போட்டு, அதன் மேல் செல்லோ டேப்பும் ஓட்டினார். பர்வேஸ் அன்றைக்கே அப்ளிகேஷனோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டான். ஒரு வாரத்தில் இன்டர்வியூ தேதி போனுக்கு வந்தது. இன்னும் பத்து நாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து அத்தா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். இன்டர்வியூ செய்தி கேட்டு அம்மா ஒரு கரண்டி பிரியாணி கூடுதலாக வைத்தாள். ப்ளஸ் டூ படிக்கும் தங்கை ஷாயிஸ்தா எங்கிருந்தோ அந்தக் கடிதத்தின் காப்பியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள்.

"அத்தா, அண்ணனைப் பத்தி சார் எழுதினது. படிக்கவா?"

"படிம்மா. தமிழ்ல சொல்லு."

முதல் பக்கத்தை அவள் ராகமாகப் படித்துத் தமிழில் சொன்னாள். நேரம் தவறாதவன், பொறுப்பானவன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஷாயிஸ்தா பக்கத்தைத் திருப்பினாள். அப்புறம் அவள் குரல் ஒரு மாதிரி குழைந்து வந்தது.

"அத்தா, அண்ணன் காலேஜ் கேரல் கொயர்ல மூணு வருஷமா ஆல்டோ செக்ஷனுக்கு லீடராம்."

"அப்படின்னா?"

"கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு அத்தா. அதுல பாடுறாங்களாம் அண்ணன். தலைவராம். அப்புறம் மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை தோறும் சர்ச்சுல சின்னப் பசங்களுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கறாங்களாம்."

சௌகத் அலி எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். "மூணு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா கிரிக்கெட்னு பேட்டைத் தூக்கிட்டுப் போனியே."

"அத்தா, அது கிரிக்கெட்டுதான்."

"இதுல சார் கையெழுத்துப் போட்டிருக்காரே."

"அவர் படிக்கல அத்தா."

"புரொஃபசர் படிக்கலையா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "பாட்டு நல்லா பாடுவியா?"

ஷாயிஸ்தா அதற்கு மேல் தாங்க முடியாமல் எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டாள். உள்ளேயிருந்து அவள் சிரிப்பது தெருவரைக்கும் கேட்டது.

பர்வேஸ் சாப்பிட்ட கையை சரியாகக்கூடக் கழுவாமல் முனிரத்தினத்திடம் போய் நின்றான். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அத்து ஸ்டாண்டர்டுபா. எல்லார்க்கும் வரும்."

"எல்லாருக்குமா? நான் கொயர்ல பாடினேன்னு போட்டிருக்கு. என் பேரு பர்வேஸ்."

"பேரைத்தான் மாத்திக் குட்த்தேனே. பதினாலு வருசமா ரெண்டாம் பக்கத்த எவனும் படிச்சதில்ல. நீ ஒருத்தன் படிச்சிகினு வந்து பேஜாரு பண்ற."

வேறு வழியில்லை. சார் கிழித்தாலும் கிழிக்கட்டும் என்று அடுத்த நாள் சேலையூரில் இருந்த எலியேசர் சார் வீட்டுக்கே போனான். பொய் சொன்னதை, கடைக்குப் போனதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக் காப்பியை நீட்டினான். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் தடவையாக அந்தக் கடிதத்தைப் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. கிழித்துப் பயனில்லை, கையில் இருந்தது காப்பி, அசல் மிஷன் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"சார், தப்பா போயிடுச்சின்னு நீங்க ஒரு மெயில் போட்டா..."

"என்னன்னுப்பா போடறது? படிக்காம கையெழுத்துப் போட்டேன்னா? அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறேன். அது மிஷன் ஆஸ்பத்திரி. அங்க பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். நான் சர்ச்சுல செக்ரட்டரி." அவர் எழுந்து வராந்தாவில் இரண்டு நடை நடந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "என் கையெழுத்து பொய்யாகக் கூடாது பர்வேஸ்."

"ஆமா சார்."

"அதனால நீ பாடக் கத்துக்கோ."

"சார்?"

"இன்டர்வியூவுக்கு ஒன்பது நாள் இருக்குல்ல. கூட்டத்துல நின்னு பாடறவனை எவன் தனியா கண்டுபிடிக்கிறான். நாலு வரி தெரிஞ்சா போதும். உங்க கிளாஸ்ல ஜெரூஷா நல்லா பாடுமே. நான் போன் பண்ணி சொல்லிடறேன்."

"சண்டே ஸ்கூல் சார்?"

சார் நிஜமாகவே யோசித்தார். "அதைக் கேட்டா, பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க ரொம்பப் பிடிக்கும்னு சொல்லு. அது பொய் இல்லையே."

ஜெரூஷா வீடு மேடவாக்கத்தில், மூன்றாவது மாடி. விஷயத்தைக் கேட்டதும் அவள் ஐந்து நிமிஷம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, "டேய், ஒரு சின்னப் பிரச்சினை இருக்கு" என்றாள்.

"இதுக்கு மேல என்ன?"

"ஆல்டோன்னா பொண்ணுங்க குரல்டா. பொண்ணுங்கள்லயே கீழ பாடறவங்க. நீ மூணு வருஷமா பொண்ணுங்களுக்கு லீடரா இருந்திருக்கே."

பர்வேஸ் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனாலும் பாடம் ஆரம்பித்தது. தினமும் காலை பத்து மணிக்கு மெத்தைக் கடையில் ஆஜர் போட்டு, பதினைந்து தும்மல் தும்மி, அத்தா "போ, போ" என்று சொன்னதும் பஸ் ஏறி மேடவாக்கம் போவான். மே மாத வெயிலில், ஃபேன் காற்றில், கீழே தண்ணி லாரி மோட்டார் போட்டு ஏற்றும் சத்தத்தில் கேரல் பாடினார்கள். இரண்டாவது நாள் எதிர் ஃப்ளாட்காரர் வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். நாலாவது நாள், "இந்த வருஷம் டிசம்பர் சீக்கிரம் வந்துடுச்சா?" என்று லிஃப்ட்டில் கேட்டார்.

"வயித்துலேர்ந்து பாடுடா. மூக்குலேர்ந்து பாடாதே."

"மூக்குல பஞ்சு இருக்குடி."

"நல்ல வேளை, பாதி சத்தத்தை அது பிடிச்சி வச்சிக்கிது."

வீட்டில் ஷாயிஸ்தா அவனை "ஆல்டோ அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அத்தா ஒரு நாள் கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், "எங்க, ஒரு வரி பாடு பாப்போம்" என்றார். பர்வேஸ் பாடினான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "தும்மலுக்கு இது பரவால்ல" என்றார்.

ஒன்பதாவது நாள் ஜெரூஷா ஒத்துக்கொண்டாள். "சுருதி நிக்குது. குரல்தான் நல்லா இல்ல. ஆனா சுருதி நிக்குது."

இன்டர்வியூ திங்கட்கிழமை. ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் கடல் காற்று ஏசி மாதிரி அடித்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். ஓரத்தில் குறிப்பெடுக்கும் ஒருவர், இன்னொரு ஓரத்தில் நரைத்த தலையோடு ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டென்ட் டாக்டர் ஜெயவேலு, நடுவில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எதிரே இருந்த பெயர்ப்பலகையில் 'கிருபா, துறைத் தலைவர்' என்று இருந்தது. அவர் கையில் அந்தக் கடிதம், இரண்டாவது பக்கம் மேலே இருக்கும்படி.

மார்க், குடும்பம், ஏன் இந்தப் படிப்பு என்று முதலில் கேட்டார்கள். பர்வேஸ் நாலு கவுண்ட்டர் கதையைச் சொன்னான். டாக்டர் ஜெயவேலு நாற்காலியில் முன்னால் நகர்ந்து கேட்டார். அப்புறம் கிருபா மேடம் கடிதத்தைத் தட்டினார்.

"கொயர்ல பாடுவீங்களாமே?"

"ஆமா மேடம்."

"ஆல்டோ."

"ஆமா மேடம்."

"பாடுங்க."

பர்வேஸ் எழுந்து நின்றான். கண்ணை மூடிக்கொண்டான், கண்ணைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று ஜெரூஷா சொல்லியிருந்தாள். நாலு வரியையும் பாடினான். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது, ஆனால் சுருதி நின்றது. பாடி முடித்தபோது குறிப்பெடுப்பவர் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தார்.

கிருபா மேடம் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "எத்தனை வருஷமா பாடறீங்க?"

கடிதத்தில் மூன்று என்று இருக்கிறது. அதைச் சொன்னால் போதும், வேலை முடிந்தது. பர்வேஸ் வாயைத் திறந்தான். ஒன்பது நாளாக அந்தப் பாட்டோடு பட்ட பாடெல்லாம் கண் முன்னால் வந்து நின்றுகொண்டது.

"ஒன்பது நாளா மேடம்."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. தானே எழுத உட்கார்ந்தது, எழுத வராதது, ஜெராக்ஸ் கடை, மூன்று சைஸ், வீட்டில் தங்கை படித்தது, மேடவாக்கம், தண்ணி லாரி எல்லாம் வந்துவிட்டது. சாரைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல், "சாருக்கு வேலை ஜாஸ்தி மேடம்" என்று நிறுத்திக்கொண்டான்.

டாக்டர் ஜெயவேலுதான் முதலில் சிரித்தார். "ஃபைல்ல தப்பா எழுதிட்டாங்கன்னு ஃபைலை மாத்தாம ஆளை மாத்திக்கிட்டு வந்திருக்கான் பாருங்க. நம்ம ஆஸ்பத்திரியில தினமும் இதானே நடக்குது."

கிருபா மேடம் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வைத்தார். "தம்பி, இதெல்லாம் உங்க காலேஜ். பதினொண்ணு இருக்கு. அத்தனை பேரும் ஆல்டோ. அத்தனை பேரும் சண்டே ஸ்கூல் எடுத்திருக்காங்க. பாடுங்கன்னா ஒருத்தருக்குத் தொண்டை கட்டியிருக்கும். ஒருத்தர் பாடறதை விட்டுட்டேன்னார். போன வருஷம் பெரும்பாக்கத்துலேர்ந்து வந்த ஒரு பையன், ஆல்டோன்னா கார்னு நினைச்சிட்டு, வீட்ல பைக்குதான் மேடம் இருக்குன்னான். பாடினது நீங்க ஒருத்தர்தான்."

"சாரி மேடம்."

"இது யார் எழுதினதுன்னு தெரியுமா?"

"முனிரத்தினம் அண்ணன் மேடம்."

"நான்." அவர் கடிதத்தை மேஜையில் வைத்தார். "பதினாலு வருஷத்துக்கு முன்னாடி இதே படிப்புக்கு நான் அப்ளை பண்ணப்போ எலியேசர் சார் நீயே எழுதிட்டு வாம்மான்னார். ராத்திரி பகலா உக்காந்து என்னைப் பத்தி நானே எழுதினேன். அந்தக் கடையில டைப் பண்ணக் குடுத்தேன். கடைக்காரர் அதை அழிக்கவே இல்ல. இங்கயே படிச்சி, இங்கயே வேலைக்குச் சேர்ந்து, இப்ப வருஷா வருஷம் என் லெட்டர் எனக்கே வருது."

"நீங்க சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார் குறிப்பெடுப்பவர்.

"எப்படிச் சொல்றது? என்னைப் பத்தி நானே இப்படியெல்லாம் எழுதிக்கிட்டேன்னு சொல்லணுமே." மேடம் கடிதத்தை ஒரு பார்வை பார்த்தார். "முதல் வருஷம் கோபம் வந்துது. அப்புறம் சிரிப்பு வந்துது. இப்ப மே மாசம் ஆனா எங்கடா வரலையேன்னு தேடறேன். பாவம் சார், பதினெட்டு வருஷ சர்வீஸ்லயே நிக்கறார், அவருக்கு வயசே ஆகல."

"மூணு வருஷம் சண்டே ஸ்கூலாவது நிஜமா?" என்று டாக்டர் கேட்டார்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெண்டு வாரம் எடுத்தேன் சார்."

பர்வேஸை வெளியே உட்காரச் சொன்னார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. திரும்பக் கூப்பிட்டபோது கிருபா மேடம் மட்டும்தான் பேசினார். "சீட்டு ஒண்ணு வெச்சிருக்கேன். ஆனா ஃபைல்ல உங்களைப் பத்தின லெட்டர் இருக்கணும். இது என் லெட்டர். நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்குள்ள எலியேசர் சார் தன் கையால எழுதின லெட்டர் வேணும். டைப் பண்ணது வேண்டாம். வரலன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற பொண்ணுக்குப் போயிடும். அந்தப் பொண்ணும் நல்லா பேசினா."

மறுநாள் காலை ஒன்பதுக்கு பர்வேஸ் டிபார்ட்மெண்ட் வாசலில் நின்றான். நடந்ததைக் கேட்டு சார் வெகுநேரம் தலையில் கை வைத்திருந்தார். "கிருபாவா? இரட்டைச் சடை போட்டுக்கிட்டு வருமே, அந்தக் கிருபாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

"பர்வேஸ், வருத்தப்படாதே. உன்னைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"தெரியல சார்."

"மூணு வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன். மூணாவது பெஞ்சா நீ?"

"கடைசி பெஞ்ச் சார்."

"சரி, அதுவா முக்கியம். ரெக்கார்டு ஒழுங்கா வச்சே, அது ஞாபகம் இருக்கு. தவளைப் படத்துக்குக் கால் அஞ்சு போட்டவன் நீயா?"

"அது வேற பையன் சார்."

"அப்பா என்ன பண்றார்?"

பர்வேஸ் சொன்னான். அதே நேரத்தில் சாருடைய போன் அடித்தது, பிரின்சிபால் ஆபீஸ். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே சார் எழுத ஆரம்பித்தார். எழுதினார், அடித்தார், புதுத் தாள் எடுத்தார். மணி பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அந்த அறையில் உட்கார்ந்து கடிதத்துக்காக வியர்த்துக்கொண்டிருந்தவர் இந்தத் தடவை புரொஃபசர். பன்னிரண்டரைக்கு ஒரு பக்கம் முடிந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் மேலிருந்து கீழ் வரை தானே ஒரு தடவை படித்துக்கொண்டார்.

"இந்தா. போற வழியில அந்த ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் போயிடாதே. அவன் கண்ணுல பட்டுதுன்னா அடுத்த வருஷம் எல்லாப் பயலும் இதையே எடுத்துக்கிட்டு வருவான்."

கவரை ஒட்ட மறந்துவிட்டார், அல்லது ஒட்டாமல்தான் கொடுத்தார். பஸ் மேடவாக்கம் சிக்னலில் அரை மணி நேரம் நின்றபோது பர்வேஸ் கடிதத்தை எடுத்தான். பட்ட அடி போதும், இந்தத் தடவை கடைசி எழுத்து வரை படித்தான்.

'இந்த மாணவனைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், அது என் குறை. இவன் தந்தை தாம்பரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். ரெக்கார்டு நோட்டை ஒழுங்காக எழுதுவான். நான் படிக்காமல் கையெழுத்திட்ட கடிதத்தில் தவறு இருக்கிறது என்று என் வீடு தேடி வந்து சொன்னான். இதற்கு முன் எத்தனையோ பேர் அதே கடிதத்தை வாங்கிப் போயிருக்கிறார்கள். ஒருவரும் வந்து சொல்லவில்லை. அதன் பிறகும் அவனை நான் பொய்யாகப் பாட அனுப்பினேன். அவன் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டதாக அறிகிறேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.'

செருப்புக் கடை என்ற இடத்தில் பர்வேஸ் நின்றான். சட்டைப் பையில் பேனா இருந்தது. பஸ் நகரவில்லை, நேரமும் இருந்தது. பேனாவை எடுத்தான், கொஞ்ச நேரம் வைத்திருந்தான், திரும்பப் பையில் செருகிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி ஓடி, மேடம் அறைக்குள் நுழைந்தபோது மணி மூன்று ஐம்பது. அவர் நின்றபடியே கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்து முடித்து உட்கார்ந்தார். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சார் எழுதினதுதானா? இல்ல, சார் கையெழுத்து மாதிரி எழுத ஒன்பது நாள் யார்கிட்டயாவது கத்துக்கிட்டீங்களா?"

"சார்தான் மேடம். காலையிலேர்ந்து எழுதினார்."

"நான் எப்படி நம்பறது?"

"எங்க அத்தாவுக்குச் செருப்புக் கடை இல்ல மேடம். மெத்தைக் கடை. நானே எழுதியிருந்தா அது தப்பா வந்திருக்காது."

கிருபா மேடம் அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, கடிதத்தில் இரண்டு ஓட்டை போட்டு ஃபைலில் கோத்துவிட்டு, லிஸ்ட்டை முன்னால் இழுத்து இருபதாவது நம்பருக்கு நேரே அவன் பேரை எழுதினார்.

"போய் அத்தாகிட்ட சொல்லுங்க" என்றார். "லெட்டர்ல கடையைத் திருத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."